ராசாவுக்கு மஞ்சள் பற்று

"அந்த ஆமைக்கு நன்றியே கெடையாது, தாயி."

காலையிலேயே பிச்சாண்டி புகாரோடு வந்து நின்றார். வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அம்மைதான் தலைவி. பிச்சாண்டியைவிடப் பத்து வயது இளையவர். தானிய மண்டியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஞானம் தேடி வந்த பிச்சாண்டி, வயதைப் பார்க்காமல் அவர் காலில் விழுந்து சீடரானார்.

"என்ன செஞ்சுது?" என்றார் அம்மை.

"ஒண்ணும் செய்யல. அதான் வருத்தம். பூக்கட்டுத மாடத்தி வந்தா கழுத்த அம்புட்டு நீளத்துக்கு நீட்டுது. நாய் வந்தாக்கூட எட்டிப் பாக்குது. என் காலடி கேட்டா மட்டும் உள்ள இழுத்துக்கிடுது."

"இழுத்துக்கிட்டு?"

"கல்லு மாதிரி கெடக்கு."

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீரையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

உள்ளங்கையில் அடங்கும் குட்டி அது. நந்தவனத்தில் கீரி கடித்து, ஓட்டின் ஓரம் உடைந்து, பின்னங்காலில் சதை கிழிந்து கிடந்ததை எடுத்து வந்தவர் பிச்சாண்டிதான். ராசா என்று பெயர் வைத்தார். காலையும் மாலையும் காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் குழைத்துப் பற்றுப் போட்டார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட மண்டியை விட்டு அசையாத மனுஷர்.

மாடத்தி செய்ததெல்லாம், போகிற போக்கில் ஒரு செம்பருத்தியை அதன் முன்னால் போட்டதுதான்.

"அது என்னமும் செய்யட்டும். மருந்த விட்டுராதேயும்," என்றார் அம்மை.

பிச்சாண்டி தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு என்றுமே குறை இருந்ததில்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் விளக்கேற்றியதும் அம்மை ஒவ்வொரு சீடரிடமும் போய் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இன்னைக்கு யார நோகடிச்சீரு?"

பதில் சொல்ல வேண்டும். சொன்னபின், நோகடித்த ஆளிடம் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். மடத்தில் பாடம் என்றால் அதுதான்.

பிச்சாண்டிக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அதனால் அம்மையின் மரப் பாதக்குறடு சத்தம் கேட்டதுமே விறகறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார். அம்மை கதவுக்கு வெளியே நின்று கேட்பார். பதில் வராது. போய்விடுவார். மறுநாளும் வந்து கேட்பார்.

அன்று மாடத்தி வந்ததும் பிச்சாண்டி அவள்மேல் பாய்ந்தார்.

"இனிமே ஆமை பக்கம் ஒன்னக் கண்டேன்னா தெரியும் சங்கதி."

"பூ தானய்யா போட்டேன்," என்றாள் மாடத்தி. கண் கலங்கிவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலையும் பிச்சாண்டி விறகறையில்தான் இருந்தார்.

அடுத்து மருந்தையும் நிறுத்தினார். எரியும் மஞ்சளால்தானே வெறுக்கிறது, கொஞ்ச நாள் விட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தார். உப்புத் தண்ணீர் இல்லை, பற்று இல்லை. வெறும் செம்பருத்தி.

ராசா முதலில் மூக்கை மட்டும் நீட்டியது. பிறகு கண்ணை. ஒருநாள் அவர் விரலிலிருந்தே இதழைக் கடித்துத் தின்றது. பிச்சாண்டி அதை மடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

மறுநாள் காலை பூவோடு போனார். தலை வெளியேதான் கிடந்தது. கண் திறக்கவில்லை. பின்னங்காலில் ஈ மொய்த்தது. தூக்கிப் பார்த்தார். புண்ணுக்குள் புழு நெளிந்தது.

துண்டில் ஏந்திக்கொண்டு ஓடினார்.

"தாயி, எம்புள்ளைய நானே கொன்னுட்டேன். மருந்து போடல தாயி. எங்கிட்ட பிரியமா இருக்கணும்னு போடாம விட்டுட்டேன்."

அம்மை திட்டவில்லை. முள்வாங்கியை வெந்நீரில் போட்டார். வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஆமையை மடியில் வைத்து, ஒவ்வொரு புழுவாக எடுத்தார். உயிர் இருந்தது, அது உதறியது. நகத்தால் அம்மையின் மணிக்கட்டைக் கீறியது. அம்மையின் கை நிற்கவில்லை.

பிச்சாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

"இனி மருந்து நான் போடுதேன். நீரு பூ மட்டும் கொடும்," என்றார் அம்மை.

"அப்போ ஒங்களக் கண்டு ஒளியுமே, தாயி."

"ஒளியட்டும்."

ராசா பிழைத்துக்கொண்டது. புண்ணில் புதுச் சதை வந்தது. பிச்சாண்டியைக் கண்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு, காலை ஒரு பக்கமாக இழுத்து இழுத்து ஓடி வந்தது. ஆமை ஓடுமா என்று கேட்காதீர்கள். பிச்சாண்டி அப்படித்தான் சொல்வார்.

பாதக்குறடு சத்தம் கேட்டால் மட்டும் தலை, கால், வால் எல்லாம் உள்ளே.

அம்மை அதை அப்படியே எடுப்பார். கழுவுவார். பற்றுப் போட்டு இறக்கி விடுவார். போகுமுன் ஒரு விரலால் ஓட்டை மெல்லத் தடவிக் கொடுப்பார். அது ராசாவுக்குத் தெரியாது. பிச்சாண்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"உசுரக் காப்பாத்தினது நீங்க. கொஞ்சுதது என்னைய. ஒங்களுக்கு வருத்தமா இல்லியா, தாயி?"

அம்மை கையில் ஒட்டிய மஞ்சளைக் கழுவினார்.

"எனக்கு இது பழகினதுதான்."

"முன்னாலயும் ஆமை வளத்திருக்கியளா?"

"இல்ல," என்றார் அம்மை. பிச்சாண்டியைக் கொஞ்ச நேரம் பிரியமாகப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அன்று மாலை விளக்கேற்றினார்கள். பாதக்குறடு சத்தம் கேட்டது. பிச்சாண்டியின் கால் தானாக விறகறைக்கு நடந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சத்தம் முற்றத்தைக் கடந்தது. அங்கே திரிந்துகொண்டிருந்த ராசா, சட்டென்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. கதவிடுக்கு வழியாகப் பிச்சாண்டிக்கு அது நன்றாகத் தெரிந்தது.

இருட்டில் அப்படியே நின்றார்.

சத்தம் கதவருகே வந்து நின்றது.

"பிச்சாண்டி. இன்னைக்கு யார நோகடிச்சீரு?"

கதவு கொஞ்சம் திறந்தது. பிச்சாண்டியின் தலை மெல்ல வெளியே வந்தது.

"இன்னைக்கு இல்ல, தாயி. அன்னைக்கு. மாடத்திய."