நரி காட்டிய பூ

அந்தக் காலத்தில் நரியும் மனிதரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். ஆனால் சிரிப்பு நரிகளிடம் மட்டும் இருந்தது. மனிதருக்கு அழத் தெரியும், ஏசத் தெரியும், சிரிக்கத் தெரியாது. அது ஒரு குறை என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

கொம்பாயி கம்பங்காட்டில் களை எடுக்கும்போது, வேலமரத்தில் தூளி கட்டிக் கைக்குழந்தையைப் போட்டுவிட்டுப் புதரிலிருந்த நரியைக் காவல் வைப்பாள். அந்த ஊரில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தவள் பார்த்தாள். நரி ஓர் ஆவாரம்பூவைத் தூளிக்கு மேலே காட்டி, வெடுக்கென்று மறைத்து, மறுபடி காட்டியது. குழந்தை பொக்கை வாய் திறந்து கெக்கெக்கென்று சிரித்தது. அப்படியோர் அழகைக் கொம்பாயி கண்டதே இல்லை. ஓடிப்போய் அள்ளித் தூக்கினாள். சிரிப்பு நின்றுபோனது. குழந்தை அவள் தோளுக்கு மேலாக எட்டி நரியைத் தேடியது.

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பெற்றவள் நான், பால் கொடுக்கிறவள் நான், இதற்கு மட்டும் நரியா?

“எம்புள்ளைக்கு என்ன மருந்து வச்சே?”

“நான் ஒண்ணும் வைக்கலை தாயி. பூவைத்தான் காட்டினேன். சிரிப்பு அதுகிட்டயே இருந்துச்சு.”

“பத்து மாசம் சுமந்தவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்!”

வீசிய களைக்கொட்டு நரியின் தாடையைப் பெயர்த்தது. அது சிரிக்கப் பார்த்தது, ஊளைதான் வந்தது.

“புள்ளை முழிச்சிருக்கும்போது அது சிரிப்பை நீயே வச்சுக்கோ. தூங்கும்போது நான் வருவேன்” என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

மூன்று நாள் குழந்தை சிரிக்கவில்லை. பாலும் சரியாகக் குடிக்கவில்லை. கொம்பாயி வெட்கத்தை விட்டு ஆவாரம்பூவைப் பறித்தாள். காட்டினாள், மறைத்தாள், நரி போலவே பல்லை இளித்தாள். குழந்தை அவளை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தது. அதைப் பார்த்ததும் அவள் தொண்டையிலிருந்தும் என்னவோ பொங்கி வந்தது, அடக்க முடியவில்லை. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனாலும் ஊர் முழுக்கப் போய், “நாந்தான் கத்துக்கொடுத்தேன்” என்றாள்.

திரும்பி வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே பூவும் இல்லை, ஆளும் இல்லை. அதன் உதடு மெல்ல விரிந்து சிரித்தது. கொம்பாயியின் முகம் சுண்டிப்போனது.

“நரி காட்டுது” என்றாள்.

அன்று முதல்தான் தூங்குகிற பிள்ளை சிரித்தால் தாய்மார் அப்படிச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, அது விழித்ததும் முதலில் தங்கள் முகத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று தூளியை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.