ஈரச் சிலேட்டு அம்மையார்

தூத்துக்குடிக்கு வடக்கே, கடல் எங்கே முடிகிறது, உப்பளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கிடக்கும் வெள்ளைப்பொட்டல் என்ற சிற்றூரில் பேச்சித்தாய் அம்மையார் ஆசிரியையாக இருந்தார். ஓராசிரியர் பள்ளி அது. மணி அடிப்பதும் அவரே, வகுப்பறையைப் பெருக்குவதும் அவரே, மூக்கு ஒழுகும் பிள்ளைக்கு முந்தானையால் துடைத்துவிடுவதும் அவரே. முப்பத்தொரு ஆண்டுகள் இந்தத் தொண்டைச் செய்தார். யாரும் அதைத் தொண்டு என்று சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

விடிந்ததும் குளித்து, நீறு பூசி, பழைய சிலேட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொள்வார். ஒரு மூலை உடைந்து, சட்டம் கழன்றுவிடாமல் சிவப்பு நூல் சுற்றிய சிலேட்டு. அதில் ஐந்தெழுத்தை எழுதிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரை முற்றத்து நந்தியாவட்டைச் செடிக்கு ஊற்றுவார். அவ்வளவுதான் அவருடைய பூசை. கோயில் எட்டு மைல் தொலைவு. தினமும் போய்வர அவருக்கு நேரமும் இல்லை, காலில் தெம்பும் இல்லை.

"எழுதுறதையெல்லாம் அன்னைக்கே அழிச்சிட்டா புண்ணியம் எங்கன டீச்சர் சேரும்?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை கேட்டாள்.

"அழிச்சாத்தானம்மா நாளைக்கி எழுத எடம் இருக்கும்" என்றார் அம்மையார்.

அந்தப் பக்கத்தில் பதினான்கு ஊர்களுக்குமாக ஒரு வட்டார எழுத்தறிவுச் சங்கம் இருந்தது. பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து நடத்துவது. உப்பளத்துப் பெண்கள் விடியுமுன் பாத்திக்குப் போய் உச்சிவேளைக்குத் திரும்பிவிடுவார்கள். சற்றுப் படுத்து எழுந்தபின், மாலை நாலரை மணிக்கு அவர்களுக்கு வகுப்பு. சேர்கிற நாளில் ஒவ்வொருவரும் பதிவேட்டில் கைநாட்டு வைப்பார்கள். எழுதப் பழகிய பிறகு அந்தக் கைநாட்டுக்குப் பக்கத்தில் தம் பெயரை எழுதுவார்கள். ஓர் ஊரில் எல்லாருமே பெயர் எழுதிவிட்டால் அந்த ஊர் வகுப்பை மூடிவிட்டு, சிலேட்டுகளை அடுத்த ஊருக்கு எடுத்துப் போய்விடுவது வழக்கம்.

சங்கத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. தலைமைப் பொறுப்புக்கு ஒருவர் பெயரை மற்றவர் முன்மொழியக் கூடாது. விருப்பமுள்ளவர் தாமே கையை உயர்த்த வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் மூன்று முறை கேட்பார். மூன்றாம் முறையும் ஒரு கையும் உயராவிட்டால் அன்றோடு சங்கம் கலைந்தது என்று விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். தானாக உயராத கை, பிறர் கையைப் பிடித்து எழுதச் சொல்லித்தராது என்று தொடங்கியவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

நல்ல எண்ணம்தான். ஆனால் நம் ஆசிரியப் பெருமக்களை அறிந்தவர்களுக்கு அதன் விளைவும் தெரியும். செயலாளர் அந்தக் கேள்விக்கு வந்தாரோ இல்லையோ, ஒருவர் பைக்குள் எதையோ தேடுவார், ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், இன்னொருவருக்கு அப்போதுதான் தண்ணீர் தாகம் எடுக்கும். ஒன்பது ஆண்டுகளாக மூன்றாம் கேள்விக்கு உயர்ந்தது ஒரே கைதான். அது பேச்சித்தாய் அம்மையாருடையது.

கை உயர்த்தியவருக்கு என்ன கிடைக்கும்? நடை கிடைக்கும். பதினான்கு ஊருக்கும் போக வேண்டும். வராத ஆசிரியரை வீட்டில் போய்க் கெஞ்ச வேண்டும். அப்படியும் அவர் வரவில்லையென்றால் தாமே நின்று வகுப்பெடுக்க வேண்டும். கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளும் அம்மையார் சுண்ணக்கட்டிப் பையோடு நடந்தார். அதைப் பார்த்தவர்கள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவர் அழுதுகொண்டே நடந்தது உப்புக்காற்றுக்குத் தெரியும்.

பதினான்கு ஊர்களில் ஓடைக்கரைதான் அவரை மிகவும் சோர வைத்தது. அங்கே எல்லாரும் பெயர் எழுதிவிட்டார்கள், மாடத்தி ஒருத்தியைத் தவிர. ஐம்பது வயதுக்காரி, உப்பு வாரி வாரி விரல் காய்த்துப்போனவள். ஆறு ஆண்டுகள் முடிந்தும் அவளுக்கு 'மா' கூட வரவில்லை. அவளுக்காகவே அந்த வகுப்பு திறந்திருந்தது. ஒருத்திக்காக அவ்வளவு தூரம் நடக்க வேறு ஆசிரியர் யார் வருவார்? அம்மையாரே போனார். அவ்வப்போது அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்களை மாடத்தி கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பாள். அவர்கள் மட்டும் எப்படியோ இரண்டே மாதத்தில் எழுதிவிடுவார்கள். சிவன் அருள் என்று அம்மையார் நினைத்துக்கொள்வார்.

"மாடத்திக்கி எழுத்து வர்றதுக்குள்ள உப்பு இனிச்சிரும் டீச்சர்" என்பார் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர் தவசிமுத்து. கூட்டம் சிரிக்கும். அம்மையாரும் சிரித்து வைப்பார்.

பத்தாம் ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று விடியலில் அம்மையாருக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது, வலத்தோள் மரத்துக் கிடந்தது. இடக்கையால் வலக்கையைத் தாங்கிப் பிடித்து ஐந்தெழுத்தை எழுதினார். கழுவினார். வீட்டில் வேறு யாரும் இல்லை. வாய்விட்டே சொன்னார்.

"ஐயனே, உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்றைக்கு என் கை தூக்காது. சங்கம் உன்னுடையது. வைத்துக்கொள்வதோ கலைப்பதோ உன் பாடு."

ஈரம் சொட்டும் சிலேட்டைச் செடியடியில் சாய்த்து வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. கடைசி வரிசைகளில், அன்று உப்பளத்துக்குப் போகாமல் வந்திருந்த, படிக்கிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர்களுக்கும் டீயும் வடையும் உண்டு. செயலாளர் முதல்முறை கேட்டார். பைகள் திறந்தன. இரண்டாம் முறை கேட்டார். எல்லாரும் அம்மையாரையே பார்த்தார்கள். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தார். தவசிமுத்துவின் முகத்தில்கூடச் சிரிப்பு இல்லை. பதினான்கு ஊர்ச் சிலேட்டுகளும் இனி மூட்டைக்குள் போக வேண்டியதுதான் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் முறை கேட்டார்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வேர்வையில் நனைந்த சேலையோடு, உப்புப் பூத்த பாதங்களோடு மாடத்தி எழுந்து நின்றாள்.

"இது பாடம் சொல்லித் தர்றவங்களுக்கான பொறுப்பும்மா" என்றார் செயலாளர்.

"நானும் சொல்லிக்குடுக்கத்தான செய்யுதேன். எங்கூருக்கு வாக்கப்பட்டு வந்த பதினோரு பிள்ளையளுக்கும் பாத்தி வரப்புல வெச்சி நாந்தான் எழுதப் பழக்குனேன். கேட்டுப் பாருங்க."

"ஒனக்கே எழுதத் தெரியாதே, மாடத்தி!" என்றார் அம்மையார்.

மாடத்தி முன்னே வந்தாள். பதிவேட்டைத் திருப்பி, ஆறு ஆண்டுக்கு முந்தைய தன் கைநாட்டைத் தேடி எடுத்தாள். பக்கத்தில் தன் பெயரை ஒரு பிழையில்லாமல் எழுதினாள்.

"மொத வருசமே வந்திட்டு டீச்சரம்மா. நானும் போட்டுட்டா ஓடைக்கரையில வகுப்ப மூடிருவாவளே. சிலேட்ட அடுத்த ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவாவ. பெறவு நீங்க எங்கூருக்கு எதுக்கு வரப்போறிய? அதான் தெரியாத மாதிரியே இருந்திட்டேன். ஒங்க கால் வலிய நான் நெனைக்காமப் போனேன். என்னைய மன்னிச்சிருங்க."

அம்மையார் அவள் கைகளைப் பற்றிக்கொண்டார். அவருக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, அழுகைதான் முந்திக்கொண்டது. ஆறு ஆண்டுகள் வீண் என்று நினைத்த நடையெல்லாம் அந்தப் பெயருக்குள் இருந்தது.

"இன்னைக்கி மட்டும் எப்படி எழுந்திரிக்கத் தோணிச்சி?"

"காலையில பாத்தியில நின்னேன். வரப்பு வழியா ஒரு பெரியவர் நீறு பூசிட்டு வந்தாரு. குடிக்கத் தண்ணி கேட்டாரு. குடிச்சி முடிக்கிற வரைக்கும் இதப் புடின்னு கையில வெச்சிருந்த சிலேட்ட எங்கிட்டக் குடுத்தாரு. போகும்போது, 'எம்பிள்ளைக்கி இன்னைக்கி கை தூக்காது. அவளுக்காக நீ போயித் தூக்கு'ன்னாரு. ஆருன்னு கேக்குமுன்ன ஆளக் காணோம். சேல மாத்தக்கூட நிக்காம ஓடியாந்தேன்."

அம்மையார் அவள் கைகளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "என்ன சிலேட்டு, மாடத்தி?"

"பழசுதான். ஒரு மூல ஒடஞ்சி, செவப்பு நூல் சுத்தியிருந்திச்சி. ஈரஞ் சொட்டிட்டே இருந்திச்சி."

மாடத்தி ஒருநாளும் அம்மையார் வீட்டுக்கு வந்தவள் இல்லை.

"அதுல ஏதாச்சும் எழுதியிருந்திச்சா?"

"எழுதி அழிச்சிருந்தாவ. ஆனா தடம் தெரிஞ்சிச்சி டீச்சரம்மா. நான் எழுத்துக்கூட்டி வாசிச்சேன். சிவாயநமன்னு இருந்திச்சி."

தவசிமுத்து எழுந்து வந்து, மாடத்தியம்மாவுக்குத் துணையாக ஏழு ஊர்களுக்குத் தாம் நடப்பதாகச் சொன்னார். அதன்பின் வேறு சில கைகளும் உயர்ந்தன. ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாக, அம்மையார் நாற்காலியில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். யாரும் அவரை எழுப்பவில்லை.

அம்மையார் அன்றாடம் எழுதி அன்றாடம் அழித்த எழுத்தை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்த ஈசன், அதை வாசிக்கவும் ஒருத்தியை அவர் கையாலேயே ஆக்கி வைத்திருந்தான். நடந்து தேய்ந்த பேச்சித்தாய் அம்மையாரின் பாதங்களுக்கு நம் வணக்கம்.