தோள்ல ரெண்டு வெள்ளி ரெக்கை

ஒரு ஊர்ல ஒரு ஆறு. காவேரி இல்லடி, அதைவிடப் பெருசு. ரோமாபுரி ராஜாவோட எல்லையே அங்கதான் முடியுது. அந்தக் கரையில பனோனான்னு ஒருத்தி இருந்தா. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

அவ ரெண்டு தோள்லயும் ரெண்டு வெள்ளி ஊக்கு. உன் பாவாடையில குத்துற ஊக்கு இல்ல. உள்ளங்கை அகலம், பறவை ரெக்கை மாதிரி, வெயில் பட்டா பளீர் பளீர்னு அடிக்கும். அது அவ ஜனங்க வழக்கம். கல்யாணத்துக்கு அம்மா போட்டு அனுப்பினது. அந்த அம்மா அக்கரையில. ராஜா உத்தரவு, யாரும் ஆத்தைத் தாண்டக் கூடாது. பாவம், கிழவிக்குக் கண்ணு வேற மங்கல், மூஞ்சி தெரியாது. சாயங்காலமானா பனோனா இக்கரையில வந்து நிப்பா. ரெண்டு பளீர் தெரிஞ்சா, 'எம்பொண்ணு நல்லாயிருக்கா'ன்னு கையை ஆட்டிட்டுப் போவா கிழவி.

அப்புறம், அவ புருஷன் சிர்க்கோ, ரோமாபுரிப் பட்டாளத்துல உழைச்சே நரைச்சவன். 'இனி நீயும் ரோமாபுரிக்காரன்'னு கோட்டையில அவனுக்கு விருந்து வச்சாங்க. விருந்துக்கு முன்னாடியே தளபதி சம்சாரம் பனோனாவைத் தேடி வந்தா, கழுத்து நிறையத் தங்கம் கலகலன்னு.

"இந்தச் சங்கிலியைப் போட்டுக்கோ. அந்தத் தகரத்தைக் குடு, உருக்கிடலாம்."

தகரமாம்! எனக்கே பத்திக்கிட்டு வருது.

"வேணாங்கம்மா"ன்னுட்டா பனோனா.

அப்புறம் புருஷன் கெஞ்சினான். "பட்டிக்காடும்பாங்க பனோனா. குடுத்துத் தொலையேன்."

"இது தெரியலேன்னா நான் செத்துட்டேன்னு எங்கம்மா நினைச்சுக்கும்."

அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே வெளிய போயிட்டான். என்னடி, தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

மூணாவது தடவை கேட்டது விருந்தன்னிக்கு, கோட்டை வாசல்ல. ஊரே நிக்குது. தளபதி சம்சாரம் வழியை மறிச்சுட்டா. "கழட்டிக் குடுத்துட்டுத்தான் உள்ள வரணும்!"

"நிஜமாவாம்மா?"

"நிஜமாத்தான். கழட்டு!"

சரின்னு ஒரு ஊக்கை டக்குனு எடுத்தா பாரு, சர்ர்ருனு அந்தப் பக்கத்துத் துணி நழுவுச்சு! அடுத்த ஊக்குல கை வச்சா.

"ஐயையோ, போடு! போடு! குத்திக்கோ!"ன்னு அலறிக்கிட்டு, அந்தம்மா தன் சால்வையை எடுத்து மறைச்சா.

சிரிக்காதடி, தூக்கம் ஓடிரும். அந்தம்மா வெறும் நகைன்னுல்ல நினைச்சுட்டா. அவங்க ஜனத்துக்கு உடுப்பே அந்த ரெண்டுலதான் நிக்குது. என்ன நெஞ்சழுத்தம் பாத்தியா பனோனாவுக்கு! ரெக்கையோடயே உள்ள போயி வயிறு நிறையச் சாப்பிட்டா.

அப்புறம் சாயங்காலம், ரெண்டு பேரும் ஆத்தங்கரைக்குப் போனாங்க. சிர்க்கோ புதுசா ரோமாபுரி வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு விறைப்பா நின்னான். பளீர், பளீர்! அக்கரையில கிழவி கையை ஆட்டினா. மருமகனும் ஆட்டினான், குதிச்சுக் குதிச்சு ஆட்டினான். அந்த வெள்ளை அங்கியில கிழவிக்கு அவன் யாருன்னே தெரியல. மகளைப் பாத்த சந்தோஷத்துல திரும்பிப் போயிட்டா.

கதை கரையேறிடுச்சு, நீ கண்ணை மூடு.

"..."

தூங்கிட்டா.