யார் குடுத்த ரைட்டு?

ரைட்டுங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு நம்ம ஊர்ல அர்த்தம் ரொம்ப. விடை சரியா இருந்தா ரைட்டு. சண்டையை நாளைக்குத் தள்ளிவைக்கவும் "ரைட்டு, பாத்துக்கிடுதேன்." மினி பஸ்ஸுல மட்டும் ஒரே அர்த்தந்தான்: வண்டியை எடு. அந்த ஒரு ரைட்டுலதான் சொர்ணக்கிளி கை ஒடிஞ்சுது.

சந்தை நாள். பஸ்ஸுக்குள்ள மூச்சு விடவே முறை வைக்கணும், அவ்வளவு கூட்டம். சொர்ணக்கிளி பின் படியில இறங்குதா. ஒரு கால் தரையில, ஒரு கால் படியில. "ரைட்"டுன்னு ஒரு சத்தம். பஸ் நகந்துது. அவ விழுந்தா.

இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல மாவுக்கட்டோட நிக்கா. வலியை விடக் கோவந்தான் பெருசு. எதுக்க கண்டக்டர், டிரைவர், ஒரு பயணின்னு மூணு ஆம்பளைங்க நிக்காங்க. ஒருத்தன் வாயிலருந்தும் "தப்பு என்னுது"ன்னு வரல.

விசாரிக்க வந்த பஸ் முதலாளி சொன்னாரு: "யம்மா, கண்டக்டர் ரைட் குடுத்தாத்தான் வண்டி நகரணும். அதான் என் சட்டம். யார் தப்புன்னு நீயே சொல்லு. இனி அவன் என் பஸ்ஸுல கால் வைக்கமாட்டான்."

கண்டக்டர் மாசானம் முந்திக்கிட்டான். "நான் குடுக்கவே இல்ல, யக்கா. முன்னாடி கூட்டத்துல மாட்டிக்கிட்டேன். ஒரு கையில சில்லறை, ஒரு கையில கம்பி, டிக்கெட் கட்டு வாயில. ரைட் எங்கிட்டுக் குடுக்க?"

"அந்த வாயி இப்ப நல்லாத்தான் வேலை செய்யுது"ன்னா சொர்ணக்கிளி.

பின் படியில தொங்கிட்டு வந்த பயணி தங்கப்பழம் சொன்னான்: "நாந்தான் குடுத்தேன். அந்தாளால வரமுடியலையேன்னு ஒரு உதவி. இதுக்கு முன்ன குடுத்ததே கிடையாது."

"நான் இறங்குனதைப் பாத்தியால?"

"ஒரு கால் இறங்கிருச்சே!"

"மத்தது யாரு காலு? உங்கப்பன் காலா?"

டிரைவர் ஆவுடையப்பன் நெஞ்சை நிமித்துனான். "ரைட் கேட்டுச்சு, எடுத்தேன். எட்டு வருசமா மாசானம் கூட ஓட்டுதேன். எத்தனை பேரு கத்துனாலும் அவன் குரலு எனக்குத் தனியாத் தெரியும். என் வண்டியில இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் உண்டா?"

"வண்டியில இல்ல. இங்க இருக்கு." கட்டுப்போட்ட கையை அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா.

முதலாளி காத்துக்கிட்டு நிக்காரு. நீங்க சொல்லுங்க: சொர்ணக்கிளி யாரைக் கைகாட்டணும்?

விடை: டிரைவரை. மாசானம் ரைட் குடுக்கல. தங்கப்பழம் புத்தியில்லாம கத்துனான். அதுக்கு அவனைத் திட்டலாம், அவளும் ஆசை தீரத் திட்டுனா. ஆனா கத்துனதுல பஸ் நகராது. மாசானம் குரல் தனியாத் தெரியும்னு ஆவுடையப்பன் தன் வாயாலயே சொல்லிட்டான். அப்ப, கேட்டது அவன் குரல் இல்லேன்னு தெரிஞ்சேதான் எடுத்திருக்கான். படியில எத்தனை வாயி வேணா இருக்கட்டும்; கிளட்ச்சுல இருந்தது ஒரே காலு.