அக்கரைச் சோழியும் ஊதாப் பட்டுத் துண்டும்

முன்னொரு காலத்தில் மாதளம்பட்டினத்தை நீலவண்ணர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர்; கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். மைத்துனர் சூதில் ஒரு யானையைத் தோற்றுவிட்டு வந்த அன்றைக்கே, "என் மண்ணில் சூதுக்களம் விரிப்பவனின் உடைமை பறிமுதல்!" என்று பறையறைவித்துவிட்டார்.

ஆடிப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? ஆற்றுக்கு அக்கரை வேறு ராஜ்யம். அங்கே ஒருவன் களம் விரித்தான். இக்கரையில் நின்றபடியே துண்டை ஆட்டி ஒற்றையா இரட்டையா என்று பந்தயம் கட்டலாம். சோழி உருள்வது அக்கரையில்.

அப்படித் துண்டை ஆட்டிய படகோட்டி இருளாண்டியைத் தளபதி கோளரியார் சபைக்கு இழுத்துவந்தார். குற்றம் உறுதியானால் பிழைப்புக்கு இருக்கும் ஒரே படகும் போய்விடும். பத்து வருஷமாக அமைச்சர் பூவராகரை ஆறு கடத்திவிடுகிறவன் அவன். அது தெரிந்துதான் கோளரியார் அவனைப் பிடித்ததே. அமைச்சர் மேல் அவருக்கு அத்தனை வயிற்றெரிச்சல். ஆனால் படகில் போகும்போது அமைச்சர் கண்ணில் பட்ட சங்கதி ஒன்று உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"சட்டம் களம் விரிப்பவனுக்குத்தானே, தளபதியாரே? இவன் துண்டைத்தானே ஆட்டினான்?" என்றார் அமைச்சர்.

"ஆடினவனும் குற்றவாளிதான்! யாராயிருந்தாலும் பறிமுதல் செய்ய வேண்டும்!"

"யாராயிருந்தாலுமா?"

"என்னைப் பெற்ற அப்பனே ஆனாலும்!" கோளரியார் மார்தட்டினார். ராஜா ஏனோ சிம்மாசனத்தில் நெளிந்தார்.

"சரி, சைகை புரிந்தால்தானே வழக்கு நிற்கும்? துண்டை இரண்டு தரம் ஆட்டினால் என்ன அர்த்தம்?" என்றார் அமைச்சர்.

கோளரியாருக்கு எங்கே தெரியும்? "ஒற்றை!" என்று அடித்துவிட்டார்.

"அட, இல்லையய்யா! ரெண்டு தரம் ஆட்டினால் இரட்டை!" என்றார் ராஜா.

ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தளபதியாரே, பறிமுதலை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? கஜானாவிலிருந்தா?" என்று பணிவாகக் கேட்டார் அமைச்சர்.

கோளரியார் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "சட்டம்... களம் விரிப்பவனுக்குத்தான், பிரபு. ஆடுகிறவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். "படகோட்டியை விடுங்கள். ஒரு வாரத்துக்குத் தளபதி அவனுக்குத் துடுப்புப் போடட்டும்! ஏனப்பா, நீயாவது ஜெயித்தாயா?"

இருளாண்டி கும்பிட்டான். "எங்கே சாமி ஜெயிச்சேன்! ஆனா என்னைவிடப் பாவப்பட்ட ஆள் ஒருத்தர் இருக்காராம். ஏதோ மாடியிலிருந்து ஊதாப் பட்டுத் துண்டை ஆட்டுறாராம். ஒரு நாளும் ஜெயிச்சதில்லையாம். அந்த மகராசன் நல்லாயிருக்கணும்னு களத்துக்காரன் தினமும் விளக்கேத்துறானாம்."

ராஜா இடுப்பில் செருகியிருந்த ஊதாத் துண்டை மெல்ல உருவினார்.

"அமைச்சரே, இதையும் நீரே வைத்துக்கொள்ளும்."