சிட்டு வண்டியைத் தடுத்தவன்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பேர் வேண்டாம், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அங்கே எல்லாமே பெரிசு. மீசை பெரிசு, சோற்று உருண்டை பெரிசு, வண்டி எல்லாவற்றையும்விடப் பெரிசு. ஆள் உயரச் சக்கரம் வைத்து, நாலு மாடு பூட்டி, மச்சில் ஏறுவதுபோல ஏணி போட்டு ஏறி ஓட்டுவார்கள். அதற்கு ஆனைவண்டி என்று பேர். ஒரு படி உப்பு வாங்கப் போவதற்கும் ஆனைவண்டிதான். மேலே உட்கார்ந்தவனுக்கு வானம் நன்றாகத் தெரியும்; கீழே தெருவில் போகிறவன் தலை தெரியாது.

கடலுக்கு அந்தப்புறம் இன்னொரு நாடு. அங்கே தெருவெல்லாம் குறுகல், மலைப்பாதையெல்லாம் வளைவு. ஆகவே அந்த ஜனங்கள் சின்னதாக ஒரு வண்டி செய்தார்கள். ஒரே ஒரு மட்டக்குதிரை, தாழ்ந்த இருக்கை, பின்பக்கம் மேலே தூக்கித் திறக்கிற மாதிரி ஒரு கதவு. அந்தக் கதவு வழியாகக் காய்கறி மூட்டையும் ஏற்றலாம், குழந்தையின் தொட்டிலையும் ஏற்றலாம். நின்றால் பரம சாது. வளைவில் விட்டாலோ ராஜாவின் தேரும் அதைப் பிடிக்க முடியாது. அதற்குச் சிட்டு வண்டி என்று பேர்.

நம் ராஜா அந்த நாட்டில்தான் பெண் எடுத்தார். ராணி சீர்வரிசையோடு ஒரு சிட்டு வண்டியையும் கொண்டுவந்தாள். மகள் பூங்கோதை பிறந்த பிறகு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தானே ஓட்டுவாள். ஒருநாள் மூன்று வயதுக் குழந்தையை வீட்டில் தூங்கவைத்துவிட்டுத் தனியாகப் போனாள். கடைவீதி முக்கில் ஓர் ஆனைவண்டி அவள்மேல் ஏறிவிட்டது. ஓட்டியவனுக்குக் கீழே ஒரு வண்டி இருந்ததே தெரியவில்லையாம்.

ஏறியது ஆனைவண்டி. சட்டம் வந்ததென்னவோ சிட்டு வண்டிக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "வெளிநாட்டு வண்டி எதுவானாலும் உள்ளே மண்பொம்மை ஒன்றை உட்காரவைத்துக் கோட்டைச் சுவரில் மோதிப் பார்க்க வேண்டும். முன்புறம் மோத ஒன்று, பக்கவாட்டில் மோத ஒன்று, பின்புறம் மோத ஒன்று. மூன்றிலும் பொம்மை உடையாமல் இருந்தால்தான் அந்த ஜாதி வண்டி நம் தெருவில் ஓடலாம்" என்று அமைச்சர் பேரருளாளர் எழுதினார். 'வெளிநாட்டு' என்ற சொல்லை அவர்தான் போட்டார். ஊரிலுள்ள ஆனைவண்டிப் பட்டறைகளில் பாதி அவருடைய மைத்துனர்களுக்குச் சொந்தம் என்பதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்லிற்று. ராஜா அழுதுகொண்டே முத்திரை வைத்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன், எழுதி நீட்டியதைப் படித்தா பார்ப்பார்?

அதற்குப்பின் அந்த நாட்டுத் துறைமுகத்தில் ஒரு சிட்டு வண்டிகூட இறங்கவில்லை.

பூங்கோதை வளர்ந்து பதினெட்டு வயதானபோது அவளுக்கு ஒரு வியாதி வந்தது. உடம்பு நாளுக்கு நாள் இளைத்தது. வைத்தியர்கள் கஷாயத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் ராஜாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவளிடம் தினமும் போய்ச் சிரிக்கவைத்துவிட்டு வருகிறவன் ஒருவன்தான், அரண்மனை விகடன் மாசிலாமணி. அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன். சிரிக்கவைத்துவிட்டு வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஒருநாள் அவள் கேட்டாள். "விகடர் மாமா, எனக்கு அம்மா முகம் ஞாபகம் இல்லை. படத்தில் இருக்கிறது யாரோ மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன வண்டி வளைவில் திரும்பும்போது வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு வருமே, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு அதுதான் அம்மா. ஒரே ஒரு தரம் ஏறிப் பார்க்கணும், மாமா."

மாசிலாமணிக்கு அன்றைக்கு விகடம் ஒன்றும் வரவில்லை. நேரே சபைக்குப் போய் ராஜாவிடம் சொன்னான்.

"ஊரார் பிள்ளைக்கு ஒரு சட்டம், என் பிள்ளைக்கு ஒரு சட்டமா? மோதிப் பார்க்காத வண்டியில் என் மகளை எப்படி ஏற்றுவேன்?" என்றார் ராஜா. பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. "அது சரி, நான் அந்த வண்டி வரக்கூடாது என்று சொல்லவில்லையே. மோதிப் பார்த்து உள்ளே விடுங்கள் என்றுதானே சொன்னேன்? இத்தனை வருஷமாக ஏன் ஒன்றுகூட வரவில்லை? தடுத்தவன் யார்?"

பேரருளாளர் எழுந்தார். மாசிலாமணி சபையில் வாய் திறந்தாலே அவருக்கு வயிறு எரியும். இன்றைக்கு ஆள் சிக்கினான் என்று குரலில் தேன் ஒழுகப் பேசினார். "மகாராஜா, தடுத்தவன் ஒருவன் இருக்கத்தான் வேண்டும். விகடரின் கூர்மைக்கு மறைந்த பொருள் உண்டோ? அவனைக் கட்டிக் கொண்டுவரும் பொறுப்பை அவருக்கே அருள வேண்டும். இயலாவிடில், அந்த வண்டியைப் போலவே அவரும் இந்நாட்டு எல்லைக்கு வெளியே நிற்கட்டும்."

வேதனையில் இருந்த ராஜாவுக்கு அதுவே சரியென்று பட்டது. "மாசிலாமணி! தடுத்தவனைக் கயிற்றால் கட்டி என்முன் கொண்டுவந்து நிறுத்து. அவன் யாராக இருந்தாலும் சரி."

"உத்தரவு, மகாராஜா. யாராக இருந்தாலும்," என்று வணங்கிவிட்டு மாசிலாமணி புறப்பட்டான்.

முதலில் துறைமுகத்துக்குப் போனான். சுங்க அதிகாரி ஏகாம்பரம் நாற்காலியில் சாய்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

"நானா தடுத்தேன்? நல்லா இருக்கே கதை! வண்டி வந்தா மோதிப் பார்ப்பேன், பொம்மை பிழைச்சா விட்டுடுவேன். சுவர் இருக்கு, பொம்மை இருக்கு, வண்டியைத்தான் காணோம். கொண்டுவராதவன் வியாபாரி. அவனைப் போய்க் கேளும்."

"ஒரு தலைமுறை பழைய வண்டியானால் மோத வேண்டாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறதாமே?"

"இருக்கு, இருக்கு. பழசானா அது வண்டியில்லே, காட்சிப் பொருள். ஆனா சிட்டு வண்டியை எவன் ஐயா பழசாக விட்டுவெச்சிருப்பான்? கையில கிடைச்சா ஓட்டியே தேய்ச்சிடுவான்."

கப்பல் வியாபாரி சாத்தப்பர் அதைவிட நியாயமாகப் பேசினார். "சுவத்துல மோதி ஒடைக்கிறதுக்குன்னே மூணு வண்டி கொண்டாரணும். அதுக்கப்புறம் இந்த ஊருக்குன்னு விளக்கை மாத்து, அச்சை மாத்துன்னு நூறு சொல்லுவாங்க. இதெல்லாம் செஞ்சு இறக்குனா வாங்குறதுக்கு ஆள் வேணுமில்ல? இந்த ஊர்ல எல்லாரும் ஆனைவண்டி ஆனைவண்டின்னு அலையுறாங்க. ஜனங்க கேக்கட்டும், நாளைக்கே கப்பல் விடுறேன். நான் தடுக்கல, கேக்காத ஜனங்கதான் தடுத்தாங்க."

சந்தையில் வீரமாகாளி என்பவன் ஆனைவண்டியிலிருந்து ஏணி வழியாக இறங்கிக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய வண்டியில் ஒரே ஒரு கட்டுக் கீரை இருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா சாமி? எங்கப்பா பாத்திருக்காராம் அந்தச் சிட்டை, சும்மா பறக்குமாம். ஆனா தெரு பூரா ஆனைவண்டி. நான் ஒருத்தன் மட்டும் அதுல போனா, ராணியம்மா கதிதான். ஊரே பெருசு வெச்சிருக்குது, நானும் வெச்சிருக்கேன். பட்டறைக்காரனும் பெருசுதானே செய்யுறான்? அமைச்சரய்யா வீட்டுப் பட்டறையில போய்ச் சின்னதா ஒண்ணு செஞ்சு குடுன்னு கேட்டா அடிக்க வர்றான்."

மாசிலாமணி சந்தையிலேயே நீளமாக ஒரு தென்னங்கயிறு வாங்கினான்.

மறுநாள் சபை கூடியபோது கயிற்றின் ஒரு நுனியில் ஏகாம்பரம் கட்டுண்டு வந்தார். அவருக்குப் பின்னால் சாத்தப்பர், அவருக்கும் பின்னால் வீரமாகாளி. மீதிக் கயிறு மாசிலாமணி தோளில் சுருளாகக் கிடந்தது. சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"ஒருவனைக் கேட்டால் மூவரைக் கொண்டுவந்திருக்கிறாயே?" என்றார் ராஜா.

"மகாராஜா, இவர்களிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. யார் தடுத்தது என்றேன். ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டினார். கைகாட்டிய பக்கம் கயிறு போயிற்று. இவன் அமைச்சர் வீட்டுப் பட்டறையைக் காட்டினான். அங்கே போக அடியேனுக்குப் பயமாக இருந்ததால் இங்கே வந்தேன்," என்று சொல்லிக்கொண்டே மாசிலாமணி பேரருளாளரின் மணிக்கட்டில் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான்.

பேரருளாளர் கையை இழுத்தார். "அபாண்டம்! எய்தவன் இருக்க அம்பை நோவதா? நானா சட்டம் செய்தேன்? மகாராஜா இட்ட கட்டளையைத்தானே எழுதினேன்!" என்று அரியணையைக் கைகாட்டிவிட்டார். காட்டிய பிறகுதான் காட்டிய கையைப் பார்த்தார்.

கயிற்றின் கடைசி நுனி மாசிலாமணி கையில் இருந்தது. அவன் அரியணையின் முதல் படியில் வந்து நின்றான். பகடி பண்ணிப் பிழைக்கிறவன் தலை தங்குவதும் உருளுவதும் இப்படிப்பட்ட ஒரு கணத்தில்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் மஞ்சத்தில் கிடக்கிற பெண்ணுக்கு நாளில்லை என்பதும் தெரியும்.

"யாராக இருந்தாலும் என்று உத்தரவு, மகாராஜா," என்றான் மெதுவாக.

ராஜா கையை நீட்டினார். "கட்டு."

கட்டினான். ஒரே கயிற்றில் அதிகாரி, வியாபாரி, வண்டிக்காரன், அமைச்சர், ராஜா. கீரை வாங்க வந்தவனோடு தானும் கட்டுண்டு நிற்பதைக் கண்டு ராஜா சிரித்தார். ராஜா சிரித்தால் சபையும் சிரிக்குமே, சிரித்தது. மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை.

ராஜா சிரிப்பை நிறுத்தினார். "இப்போது நான் யாரைக் கைகாட்டுவது? காட்டுவதானால், யாரை நினைத்து அழுதுகொண்டே முத்திரை வைத்தேனோ அந்தப் பூங்கோதையின் அம்மாவைத்தான் காட்ட வேண்டும். அங்கே உன் கயிறு எட்டாது, மாசிலாமணி." அப்படிச் சொல்லிவிட்டுச் சபை பார்க்க அழுதார்.

அன்றைக்கே உத்தரவு பிறந்தது. சட்டம் இருக்கட்டும், உடைகிற மூன்று வண்டிகளும் அரண்மனைச் செலவில் உடையட்டும், நாலாவது பூங்கோதைக்கு. சாத்தப்பரின் கப்பல் பாய் விரித்தது. பேரருளாளர் உடம்பு சரியில்லை என்று வீட்டோடு இருந்துகொண்டார்.

கப்பல் ராஜாவின் உத்தரவைக் கேட்கும், காற்று கேட்குமா? போன கப்பலுக்கு எதிர்க்காற்று. மாசிலாமணி தினமும் பூங்கோதையிடம் போய், "இன்று கரை தாண்டியிருக்கும், இன்று வண்டி ஏற்றியிருப்பார்கள்" என்று கதை சொன்னான். அவளும் தெரிந்தே கேட்டுக்கொண்டாள். "சிவப்பு வண்டியாக எடுக்கச் சொன்னீர்களா, மாமா?" என்று ஒருநாள் கேட்டாள். "சொன்னேன் தாயே" என்றான். சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விடியும்போது அவள் போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துக் கப்பல் வந்தது. நாலு சிட்டு வண்டிகளும் இறங்கின. இனி யாருக்காக என்று எவரும் கேட்கவில்லை, சட்டம் சட்டம்தானே. ஏகாம்பரம் பொம்மையை உட்காரவைத்து முன்புறம் மோதினார், பக்கவாட்டில் மோதினார், பின்புறம் மோதினார். மூன்று வண்டிகளும் நொறுங்கின. பிறகு அந்த மண்பொம்மையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சபைக்கு வந்தார்.

"மகாராஜா..." என்றார். பொம்மையை அரியணைப் படியில் வைத்தார்.

பொம்மையில் ஒரு கீறல் இல்லை. மூக்குகூட உடையவில்லை. அந்த வண்டி முதல் நாளே அந்த நாட்டுத் தெருவில் ஓடியிருக்கலாம். பதினைந்து வருஷமாக ஒருவரும் மோதிப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். அந்தப் பாவத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? மாசிலாமணி முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

நாலாவது வண்டி அரண்மனை வாசலில் நின்றது. நீல நிறம். மாசிலாமணி குதிரையைப் பூட்டினான். "ஏறுங்கள், மகாராஜா" என்றான்.

"எனக்கு எதற்கு?"

"ஏறுங்கள்."

அந்த அரண்மனையில் ராஜாவுக்கு உத்தரவு போட்டவன் அவன் ஒருவன்தான். ராஜா ஏறினார். ராணி எத்தனையோ தரம் கூப்பிட்டும் ஒரு நாளும் ஏறாதவர். ராஜாவுக்கு இது தகுமா என்று இருந்துவிட்டவர். மாசிலாமணி ஊரைத் தாண்டி மலைப்பாதைக்கு ஓட்டினான். முதல் வளைவு வந்தது. கடிவாளத்தைத் தளர்த்திக் குதிரையை விட்டான்.

வண்டி திரும்பியது. ராஜா, "ஐயோ!" என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கணம் சிரித்தார். சபைச் சிரிப்பு இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்துகொண்டிருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணி கழுத்தில் போட்டார். விகடக் கதைகளில் ராஜா சிரிக்க வேண்டும், பரிசும் கொடுக்க வேண்டும். இந்த ராஜாவும் இரண்டையும் செய்துவிட்டார். முறைக்குக் குறை ஒன்றும் இல்லை.

பாதை முடிந்து வண்டி நின்றது. மாசிலாமணி இறங்கப் போனான். ராஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை கெஞ்சுவதுபோலக் கேட்டார்.

"திருப்புடா. இன்னும் ஒரு தரம்."