காய்ந்த கையைத் தேய்க்கும் ஈ

அந்தக் காலத்தில் ஈ இப்படிப் பொட்டு மாதிரி இல்லை. பூனை உயரம் இருக்கும். வாய் பேசும். கை மட்டும் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். ஊரில் எந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை என்றாலும் ஈயைத்தான் கூப்பிடுவார்கள். அது குழையப் பிசைந்து ஊட்டினால் அழுகிற பிள்ளையும் வாயைத் திறக்கும்.

ஒரு கோடையில் கிணறெல்லாம் வற்றிப்போனது. காத்தாயி என்கிறவள் மலையடி ஊற்றுக்குக் குடத்தோடு கிளம்பினாள். போனால் மறுநாள்தான் திரும்ப முடியும். கைப்பிள்ளைக்கு அப்போதுதான் பல் எட்டிப் பார்த்திருந்தது.

"ஈயம்மா, பானையில கொஞ்சம் தண்ணி கெடக்கு. கொல்லைக்குப் போனா சாம்பல் போட்டுக் கை கழுவிட்டுத்தான் புள்ளையத் தொடணும், ஆமா."

"போடி இவளே, எனக்கே சொல்றியா! எத்தனை புள்ளைக்கு ஊட்டுன கை இது!"

உச்சி வெயிலில் ஈ கொல்லைக்குப் போய் வந்தது. பானையைச் சாய்த்துப் பார்த்தது. அடியில் ஒரு மடக்கு. இதையும் கொட்டிவிட்டால், பிள்ளைக்கு விக்கினால் எதைக் கொடுப்பது? பானையை மூடிவிட்டு, ஆமணக்கு இலையில் கையைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பிசைய உட்கார்ந்தது.

கூரையில் இருந்த காகம் சிரித்தது. "என்ன ஈயம்மா, கொல்லைக்குப் போன கையோடவே பிசையுற?"

"பீ தின்னுற வாய் எனக்குப் புத்தி சொல்லுதோ! தொடைச்சாச்சு, போ அங்கிட்டு."

பிள்ளை ஆசையாகத் தின்றது. ஈயின் விரலைக்கூடச் சப்பியது.

காத்தாயி நிறைகுடத்தோடு வந்தபோது பிள்ளைக்கு வாந்தியும் பேதியுமாகி, கண் குழிக்குள் போயிருந்தது. தண்ணீரைத் தொட்டு வாயில் விட்டாள். அது கடைவாயில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சும் அடங்கிவிட்டது.

அவள் அழவில்லை. "கை கழுவினியா?" என்று மட்டும் கேட்டாள்.

"தண்ணி புள்ளைக்கு வேணுமேன்னு... தொடைச்சேன்டி."

காத்தாயி குடத்தைத் தூக்கி மொத்தத்தையும் ஈயின் கையில் கவிழ்த்தாள். "இந்தா. இப்பக் கழுவு."

ஈ தேய்த்தது. தண்ணீரை மண் குடித்த பிறகும் தேய்த்தது. தேய்த்துத் தேய்த்துக் கை மயிராக மெலிந்தது, உடம்பு பொட்டாகச் சிறுத்தது, பேச்சும் நின்றது. கை மட்டும் சுத்தமாகவில்லை.

அன்றைக்குத் தேய்க்கத் தொடங்கியதுதான். இன்னமும் ஈ எங்கே உட்கார்ந்தாலும் காய்ந்த கையைத் தேய்க்கிறது. பிள்ளை வாயோரம் சோறு ஒட்டியிருந்தால் திரும்பத் திரும்ப அங்கேயே வருகிறது. நாம் விரட்டுகிறோம். விரட்டத்தான் வேண்டும்.